ஆறாத ஃபோம்

நான்கு நாளாகக் கொட்டகையில் நிற்கும் ஃபோம் கட்டி இன்னும் சூடாக இருந்தது.

சூச்சின் தன் உள்ளங்கையை அதிலிருந்து எடுத்தாள்; மறுபடி வைத்தாள். வெளியே ஜனவரி மழை லோங்ஜியாங் ஊரின் மெத்தை ஆலைக் கூரைகளில் சடசடத்துக்கொண்டிருக்க, உள்ளே ரசாயனத்தின் இனித்த நெடியும் சிமெண்ட் தரையின் ஈரக் குளிரும் கலந்து கிடக்க, ஆளுயரக் கட்டிகள் ஒரு முழ இடைவெளி விட்டு வெள்ளைவெளேரென்று வரிசையாக நின்றன. இரண்டு திரவங்கள் கலந்ததும் பொங்கி எழும் ஃபோம், வார்த்த அன்று நடுவயிற்றில் கொதிக்கும். மறுநாள் ஆறிவிடும். சூடு நான்கு நாள் தாங்காது.

"அக்கா, கம்பி விட்டுப் பாத்தாச்சா?" அறுப்பு இயந்திரத்தருகே இருந்து கைபிங் கத்தினான். "மெத்தைக் கடைக்காரன் வாசல்ல குதிக்கிறான். விட்டா கட்டி மேலயே படுத்துருவான்!"

"இருடா, உசுர வாங்காத."

வெப்பமானிக் கம்பியை எடுத்தாள். முனையைக் கட்டியின் நடுவில் வைத்தாள்.

மூன்று வருடத்துக்கு முன், வேறோர் ஆலையில், புத்தாண்டு லீவுக்கு முந்தின நாள். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் சூடான கட்டிகளை இடைவெளியில்லாமல் நெருக்கித் தள்ளினாள். கம்பி விடாமலே, ஆறிவிட்டது என்று எழுதினாள். அதை நம்பி உள்ளே போன சக தொழிலாளி பாங் அண்ணன், கட்டிகள் தானே தீப்பிடித்துக் கிளம்பிய கரும்புகையிலிருந்து திரும்பவில்லை. அவர் சிகரெட்தான் காரணமா என்று விசாரணையில் கேட்டார்கள். ஆமென்று தலையாட்டினாள். அவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

கம்பி உள்ளே இறங்கியது. பாதியில் எதிலோ இடித்தது. மெத்தென்று. முள் ஏறியது.

முப்பத்தேழு டிகிரி.

ஆளின் உடல் சூடு.

கம்பி அவள் பிடியில் அசைந்தது. மேலே. கீழே. மெல்ல, மூச்சு விடுவதுபோல.

"அக்கா?"

சொல்லலாம். சொன்னால், ஏன் இவ்வளவு பயம் என்பான். பிறகு எல்லாவற்றையும் கேட்பான்.

"ஆறிடுச்சு."

கைபிங் கட்டியை இயந்திரத்தில் ஏற்றினான். கத்தி ஓடியது. கட்டி இரண்டாகப் பிளந்து சாய்ந்தது.

ரத்தமில்லை. கரியில்லை. நடுவில் ஒரு குழி. முழங்கால் மடக்கி, முகத்தைக் கையால் மூடிய ஆளின் அளவு. உள்சுவரெங்கும் நகக் கீறல். ஆவி பறந்தது.

"காத்துக் குமிழிதானக்கா?" அவன் குரல் ஒடுங்கியது. "சொல்லுக்கா."

பக்கத்தில் இன்னொரு குழி. ஒல்லியாக. அவள் தலையின் அச்சு. அவள் தோள். இடுப்புக்குக் கீழே, இருவரும் பார்க்கப் பார்க்க, ஃபோம் மெல்ல உள்வாங்கி அவள் கால்களுக்கு இடம் செய்துகொண்டிருந்தது.