குறைந்துகொண்டே வந்த ஆழம்

ஈயக்குண்டு முப்பத்து நாலாவது முடிச்சிலேயே தரை தட்டியது. அல்போன்சா கயிற்றை ஒருமுறை தூக்கி மறுபடி இறக்கிப் பார்த்தாள். கயிறு தொய்ந்தது. முப்பத்து நாலு அடிதான்.

பையிலிருந்து லாக்புக்கை எடுத்துப் புரட்டினாள். அந்தமானில் ஆறு வருடம் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் கூட்டிப்போன காலத்தில் பிடித்த பழக்கம் அது. ஊர் திரும்பி, கிணறுகளில் விழும் மோட்டார்களை முங்கி எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் ஆழம், நீரின் சூடு, தரையின் தன்மை. “இத யாரு படிக்கப் போறா?” என்று கணவன் கிறிஸ்துராஜ் கேலி செய்வான்.

நிலக்கோட்டைக்கு வெளியே இருக்கும் இந்த மல்லிகைத் தோட்டத்துக் கிணற்றுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. மார்ச்: ஐம்பத்தாறு அடி, இருபத்தேழு டிகிரி, பாறை. மே: நாற்பத்தைந்து அடி, முப்பது டிகிரி, வெள்ளைச் சேறு, தொடவில்லை. நீர்மட்டம் மட்டும் இரண்டு தடவையும் பன்னிரண்டாம் படி. இப்போது ஜூலை. இன்றும் அதே படிதான்.

“விக்காத பூவெல்லாம் இதுக்குள்ளதான் கொட்டுறோம் தாயி,” என்றார் தோட்டக்காரர் முனியப்பன். “அதான் மேடாயிருக்கும். மோட்டார எடுத்துக் குடுத்துருங்க. நாலு நாளா தண்ணியில்லாம செடி சுருளுது.”

அழுகிய பூ கறுக்கத்தானே செய்யும், வெள்ளையாக எப்படி என்று அவளுக்குத் தோன்றியது.

“வேணாம்னா போயிருவோம் புள்ள,” என்றான் கிறிஸ்துராஜ்.

“செத்த நேரந்தான். கயித்த மாட்டிட்டு வந்துர்றேன்.”

பகல் இரண்டு மணி வெயிலில் மேலே மல்லிகை வாசனை தலைவலிக்கும் அளவுக்கு அடர்ந்திருந்தது. தண்ணீருக்குள் இறங்கியதும் அது அறுந்துபோய், மூச்சுவிடும் ரெகுலேட்டரைக் கவ்வியிருந்த உதடுகளின் ஓரமாக ஒரு ருசி கசிந்தது, கறி கழுவிய தண்ணீரில் சிக்குப்பிடித்த நெய்யைக் கரைத்ததுபோல, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நாக்கின் அடியில் தங்கியது. டார்ச் வெளிச்சத்தில் பாசிக்குப் பதில் கொழுப்புத் துணுக்குகள் மிதந்தன. கண்ணாடியில் ஒட்டின. துடைத்தால் இழுபட்டன. இறங்க இறங்கத் தண்ணீர் குளிர்வதற்கு மாறாகச் சுட்டது. மணிக்கட்டில் டைவ் கம்ப்யூட்டர் முப்பத்து நாலு டிகிரி காட்டியது. முப்பத்தைந்து.

மோட்டார் பாதி புதைந்து நின்றது. சுற்றிலும் வெள்ளைத் தரை. பூ இல்லை. சேறும் இல்லை. வழவழப்பாக, சுவருக்குச் சுவர் ஒரே பரப்பு.

கொக்கியை மாட்டும்போது கை வழுக்கி அதன்மேல் ஊன்றியது. உள்ளே போனது. மெத்தென்று. வெதுவெதுப்பாக.

அவள் தொட்ட இடத்தைச் சுற்றி அந்த வெள்ளைப் பரப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாய் எழும்பியது.

புல்லரிப்பு.

முப்பத்தேழு டிகிரி.

அவள் எப்படி மேலே வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. படியேறிக் கிணற்றோரம் மண்டியிட்டு, மத்தியானம் தின்றதெல்லாம் வந்து தீரும்வரை வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளிக்க முனியப்பன் நீட்டிய சொம்புத் தண்ணீரிலும் அதே நெய் வாடை. தட்டிவிட்டாள்.

“கொக்கி மாட்டியாச்சுல்ல? இழுங்கய்யா,” என்று கிறிஸ்துராஜ் கீழிருந்து குரல் கொடுத்தான். மோட்டார் சுவரில் இடிக்காமல் தள்ளிவிடுவதற்காக அவன் பன்னிரண்டாம் படிக்கு இறங்கியிருந்தான். கப்பி கிறீச்சிட்டது.

பழக்கத்தில் கை லாக்புக்கைத் திறந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்து ஆழத்தை எழுதினாள். முப்பத்தொன்று.

மேல்வரியில் முங்குவதற்கு முன் எழுதியது: முப்பத்து நாலு. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

“ஏறுங்க!” என்று கத்தினாள். “மேல ஏறுங்க!”

“இரு, மோட்டாரு இந்தா—”

“அது வருதுங்க! தரை மேல வருது!”

அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. மறுபேச்சில்லாமல் ஏறினான். அந்த நொடி கயிறு சட்டென்று இலகுவாகி, ஈரத்துணி கிழியும் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மோட்டார் மேலே வந்து ஆடியது. அதன் அடியில் கையகலத் தோல் ஒட்டித் தொங்கியது. மயிரோடு.

பன்னிரண்டாம் படி மறைந்தது. பதினொன்று. பத்து. தண்ணீர் வடிந்து எங்கோ போக, வெள்ளை மட்டும் ஏறியது. வியர்த்துக்கொண்டு. முனியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். கிறிஸ்துராஜின் விரல்கள் அவள் தோளில் பதிந்தன.

மோட்டார் பிய்ந்து வந்த இடத்தில் ஒரு துளை. சிவந்த ஓரங்கள் மூடின. திறந்தன. மூடின. திறந்தன.

உள்ளே ஈறு தெரிந்தது. அதில், ஒவ்வொன்றாக, சின்னஞ்சிறு பால்பற்கள் முளைத்துக்கொண்டிருந்தன.