உள்ளே இழுக்கும் கயிறு

அக்கா கணவர் ஆலையின் கேட்டிலேயே காத்திருந்தார். கையில் இரண்டு டீ.

"வா மாப்ளே. கடைசியில மாமனுக்கே பரீட்சை வைக்க வந்துட்டியா?" என்று சிரித்தார்.

அவர் அந்த ரப்பர் ஆலையின் தலைமை மெக்கானிக். வந்தவன் பாதுகாப்புக் கன்ட்ரோலர்களுக்கு புரோகிராம் எழுதுபவன். ஆபத்து வந்தால் இயந்திரத்தை நிறுத்துவதுதான் அந்தச் சின்னப் பெட்டியின் ஒரே வேலை. எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஆபத்தையும் வேண்டுமென்றே உண்டாக்கி, இயந்திரம் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்து, அதன் பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

கூடத்தின் நடுவே சேம்பர் படுத்துக் கிடந்தது. ஒரு லாரியே உள்ளே போய் நிற்கலாம், அவ்வளவு பெரிய இரும்பு உருளை. ரப்பர் சாமான்களை டிராலியில் தள்ளி, கதவை இறுக்கி மூடி, நீராவியில் வேகவைப்பார்கள். உள்சுவர் நெடுக ஒரு சிவப்புக் கயிறு ஓடியது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் நீராவி நின்றுவிடும், வெளியே பலகையில் விளக்கு எரியும்.

முதல் சோதனைக்காகக் காலி சேம்பரை மூடினார்கள்.

விளக்கு எரிந்தது.

திறந்து பார்த்தார்கள். யாரும் இல்லை. வெந்த ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் தலைமுடி கருகியதுபோல இன்னொரு வாடை. கயிறு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

சுவிட்சை மாற்றினான். ஒயரை மாற்றினான். கடைசியில் கயிற்றின் ஒயரையே கழற்றி, யாரும் இழுக்கவில்லை என்று பெட்டி நம்பும்படி முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டுக் கதவை மூடச் சொன்னான்.

அப்போதும் எரிந்தது.

மாமா அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரல் இறங்கியிருந்தது.

"போன வருஷம் ஒருத்தன் இதுக்குள்ளயே போயிட்டான் மாப்ளே. கிளீனர். நெட்டைன்னு கூப்பிடுவோம். அப்ப கயிறெல்லாம் கிடையாது. வெறுங்கையாலதான் தட்டியிருக்கான்."

"யாருக்கும் கேக்கலையா?"

"கேட்டுச்சு. பைப்பு சத்தம்னு விட்டுட்டோம்."

மேனேஜருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் 'டெலிவரி'. வணக்கம் சொன்னால்கூட பதிலுக்கு அதைத்தான் சொல்வார்.

"தம்பி, நாம ஆவிய வச்சுத்தான் பொழப்பே நடத்தறோம். ஆவி இருக்குன்னு பயந்தா எப்படி?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அந்தக் கயிற இப்போதைக்குக் கணக்குல எடுக்காம விடுங்க. டெலிவரி போனதும் நிதானமா பாத்துக்கலாம். முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள் வருவாங்க. மாமாவும் மச்சானும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்."

மாமா தரையைப் பார்த்தார்.

புரோகிராமில் ஒரே வரி. இனி கயிற்றை யார் இழுத்தாலும் நீராவி நிற்காது. அவன் கையெழுத்துப் போட்டான். எரிந்துகொண்டிருந்த விளக்கின்மேல் மாமாவே கறுப்பு டேப்பை ஒட்டினார்.

வேலை தடையில்லாமல் ஓடியது. கதவு மூடியதும் உள்ளே தட்டும் சத்தம் வரும். முதலில் எல்லோரும் வெலவெலத்துப் போனார்கள், பிறகு பழகிவிட்டது. அப்புறம் அது பேச ஆரம்பித்தது. சேம்பர் ஆபரேட்டரை, செத்துப்போன அவன் அம்மாவின் குரலில் "கண்ணு" என்று கூப்பிட்டது. அவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அடுத்த நாள் வந்தபோது கையில் ரேடியோ இருந்தது.

கடைசி லோடு ஏறிய மதியம், புரோகிராம் எழுதியவன் பக்கத்துக் கண்ணாடி அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். டெலிவரி போனதும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும். வெளியே கதவு மூடியது. நீராவி சீறியது.

தட்டும் சத்தம்.

"இன்னிக்கு ஐயா ரொம்ப கோவமா இருக்காரு," என்று சொல்லி ஆபரேட்டர் ரேடியோவைக் கூட்டினான்.

"மாப்ளே!"

உள்ளேயிருந்து. அச்சு அசலாக மாமாவின் குரல்.

அவனுக்கு முதுகு சில்லிட்டது. கூடவே எரிச்சலும் வந்தது. இப்போது மாமா குரலும் கிடைத்துவிட்டதா இதற்கு?

"மாப்ளே, நான்தான்டா! நான்தான்!"

அவன் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான்.

சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, மாமாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று போன் போட்டான்.

சேம்பர் கதவுக்கு வெளியே அது அடித்தது. தரையில் மாமாவின் டூல் பாக்ஸ், அதன்மேல் போன். பக்கத்திலேயே பூட்டு. உள்ளே போகிறவர், யாரும் கதவை மூடாதபடி அதில் மாட்டிவிட்டுப் போகவேண்டிய பூட்டு.

ஓடிவந்த மேனேஜர் பூட்டைப் பார்த்தார். "டிராலி சக்கரம் சிக்கிக்கிச்சு... நான்தான் சட்டுனு பாருய்யான்னு..."

ஆபரேட்டர் டீ குடித்துவிட்டு வந்து, எட்டிக்கூடப் பார்க்காமல் கதவை மூடியிருந்தான்.

கையிலிருந்த போனை எறிந்துவிட்டு அவன் ஓடிப்போய் அவசர நிறுத்தப் பொத்தானை அறைந்தான். நீராவி நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே அழுத்தம் முழுதும் இறங்கும்வரை கதவு திறக்கக் கூடாது. அவன் எழுதிய விதி. அவனே திரும்பத் திரும்பச் சோதித்த விதி.

அது துளியும் பிசகாமல் வேலை செய்தது.

"மாமா, வந்துட்டேன் மாமா, இதோ வந்துட்டேன்..." கதவில் சாய்ந்த கன்னம் பொசுங்கியது அவனுக்கு உறைக்கவில்லை.

உள்ளே யாரோ மெதுவாகச் சிரித்தார்கள்.

அது மாமா இல்லை.

கதவு திறந்தபோது மாமாவின் இரண்டு கைகளும் கயிற்றைப் பற்றியிருந்தன. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. கயிற்றை வெட்டித்தான் அவரை எடுத்தார்கள்.

அன்று மாலையே, யாரும் கேட்கும் முன், அவன் அந்த வரியை நீக்கிவிட்டான். பூட்டு மாட்டாதது இறந்தவரின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. புதுக் கயிறு கட்டி மறுபடி சோதித்தார்கள். எல்லாம் சரியாக வந்தது. வயிறு நிறைந்ததுபோல சேம்பர் அமைதியாகக் கிடந்தது.

அடுத்த ஊர் வேலைக்குப் போகும் வழியில் அக்காவைப் பார்க்கப் போனான். பையை நாற்காலியில் வைத்தான். அக்கா அதையே பார்த்தாள்.

"தம்பி, உன் பைக்குள்ள யாரோ தட்டறாங்கடா."

உள்ளே வேறொரு ஆலைக்கான புதுக் கன்ட்ரோலர் பெட்டி. இன்னும் பிரிக்காதது, மின்சாரமே பார்க்காதது. ஜிப்பின் இடுக்கில் சிவப்பு வெளிச்சம் கசிந்தது.

அக்கா எழுந்து வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "உங்க மாமாடா! மாப்ளேன்னு கூப்பிடறார். திறடா!"

"தெருவுல யாரோக்கா," என்றான்.

ஜிப்பை இழுத்து மூடி, அதன்மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டான். துணிக்கு அடியிலிருந்து, சுடச்சுட, விரல்கள் அவன் உள்ளங்கையைத் தடவித் தேடின.