ஒரு சாண் புல்

இதைப் படுத்துக்கொண்டுதான் எடுத்திருக்க வேண்டும். நின்று எடுத்ததல்ல, குந்தி எடுத்ததுகூட அல்ல. வயிறு தரையில் பட, கன்னம் மண்ணில் பட.

கைபேசியைத் தையல் இயந்திரத்தின்மேல் வைத்துவிட்டு அவள் மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். குடியிருப்போர் சங்கத்திலிருந்து வந்த அறிவிப்பு. மேலே பச்சை முத்திரை, கீழே ஒரு படம். படத்தில் புல் தாள்கள் மரங்களைப்போல நெடுநெடுவென்று நின்றன. அவற்றின் இடுக்கில், எங்கோ தொலைவில் இருப்பதுபோல, அவள் வீட்டுச் சமையலறைக் கதவு. பன்னிரண்டு வருடமாகத் தைக்கிறாள். எதிரில் வந்து நிற்கிறவரின் தோளளவை நாடா வைக்காமலே சொல்லிவிடுவாள். இந்தப் படத்தை எடுத்த கண் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருந்தது. அதற்கு மேல் இல்லை.

படத்துக்குக் கீழே இரண்டு வரி. ‘பின்புறப் புல் மிகவும் குறைவாக உள்ளது. குறைந்தது ஒரு சாண் உயரம் வளர விடவும்.’

அதுவும் விந்தைதான். குடிவந்த நான்கு மாதத்தில் சங்கம் அனுப்பியதெல்லாம் வெட்டு, வெட்டு என்றுதான். முன்பக்கப் புல் இரண்டு அங்குலம். வேலிச்செடி முழங்கால் உயரம். பூந்தொட்டி நான்குக்கு மேல் கூடாது, அதுவும் செங்கல் நிறத்தில். எதிர்வீட்டு டீச்சர் ஐந்தாவது தொட்டிக்கு இரண்டு கடிதம் வாங்கி, கடைசியில் அதைக் குளியலறையில் வைத்து வளர்க்கிறாள். வளர விடு என்று யாருக்கும் கடிதம் வந்ததாகக் கேள்வியில்லை.

பின்பக்கம் மூன்று புறமும் ஆளுயரத்துக்கு மேல் சுவர். உள்ளே போகச் சமையலறைக் கதவு ஒன்றுதான் வழி. தோட்டக்காரர்கூடப் புல்வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் வழியாகத்தான் போவார். அப்படியென்றால் வீட்டு ஆள்.

“பின்னாடி போய்ப் படுத்துக்கிட்டு போட்டோ எடுத்தீங்களா?” என்று சாயங்காலம் கணவனிடம் கேட்டாள்.

“நானா? ஷூ லேஸ் கட்டவே குனிய முடியல. படுத்தேன்னா தூக்கறதுக்கு கிரேன் வரணும்.”

சிரித்தான். இந்த வீட்டை அவன்தான் பார்த்தான், அவனேதான் முடிவு செய்தான். முன்பு இருந்தவர்கள் ஏன் இவ்வளவு அவசரமாகப் போனார்கள் என்று அன்றைக்கு அவள் கேட்டபோதும் இதே சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பை அவள் மனதில் ஓர் ஓரமாக எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை தோட்டக்காரர் வந்தார்.

“பின்னாடி ஒட்ட வெட்டிடுங்கண்ணே. தரை தெரியணும்.”

“மொட்டை அடிச்சா நல்லா இருக்காதும்மா” என்றார் அவர். “முன்ன இருந்தவங்க அங்க மெஷினையே வைக்க விடமாட்டாங்க. முழங்கால் வரைக்கும் நிக்கும் புல்லு.”

“ஏனாம்?”

“கேட்டேன். ‘அங்கயே இருந்துட்டுப் போகட்டும், உள்ள வராம இருந்தா சரி’ன்னாரு அந்த சார். பூச்சி பொட்டைச் சொல்றாருன்னு நெனச்சேன்.”

சுவர் மூலையில் ஓரிடத்தில் புல் படிந்து கிடந்தது. ஒடுக்கமாக, நீளமாக, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. அதனருகே வந்ததும் தோட்டக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். வெட்டுங்கள் என்று கையைக் காட்டினாள். சங்கமோ, கணவனோ, எவர் செய்யும் விளையாட்டாக இருந்தாலும் இனி ஒளிய இடம் இருக்கக் கூடாது. கால் மணி நேரத்தில் பின்பக்கம் கோரைப்பாய்போலத் தட்டையாகிவிட்டது. வெட்டிய புல்லின் பச்சை வாசனை வீடெங்கும் நிறைந்தது.

திங்கட்கிழமை அடுத்த படம் வந்தது. கதவின் அடி இடுக்கு, படம் முழுக்க அதுதான். இடுக்குக்கு அப்பால் சமையலறைத் தரையின் வெளிச்சம், அதில் ஐந்து வயது மகள் குட்டியின் ஒற்றைச் செருப்பு, பக்கத்தில் பார்ப்பதால் ஒரு படகைப்போலப் பெரிதாக.

‘இருக்க இடமில்லை. உடனே கவனிக்கவும்.’

அவள் நேரே சங்க அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் மரக்கோலால் தன் மேசைமேல் இருந்த செடியை அளந்துகொண்டிருந்தார். வீடு வீடாகப் போய்ப் புல்லை அளக்கும் அதே கோல்.

“பின்பக்கமா? நாங்க அங்கல்லாம் வர்றதே இல்லம்மா. ரோட்டுல நின்னா என்ன தெரியுதோ அதுதான் சங்கத்துக்கு.”

“உங்க முத்திரையோட வருதே.”

“அது கம்ப்யூட்டர் குத்தற முத்திரை. யார் புகார் போட்டாலும் அப்படியே அந்த வீட்டுக்கு அனுப்பிடும். எல்லாத்தையும் உட்கார்ந்து படிச்சா நான் வீட்டுக்குப் போக வேணாமா?”

“சரி, போட்டது யாருன்னாவது பாருங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் தேடினார். “அட, நல்ல கூத்தா இருக்கே. உங்க வீட்டுலேர்ந்துதான் வந்திருக்கு. வீட்டுல நாலு பேர் இருக்கீங்க, ஒருத்தர் போட்டிருப்பார்.”

“மூணு பேர் சார்.”

“நாலுன்னுதான் பதிவு. முன்ன இருந்தவங்க போகும்போது தங்களுக்கு மட்டும் காலி பண்ணினதா எழுதிக் குடுத்தாங்க. இன்னொரு ஆளுக்கு எழுதல. அதனால அப்படியே நிக்குது.”

“யார் அது?”

“பேர் போடற இடம் வெறுமையா இருக்கும்மா.” கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “வீட்டுக்காரர்கிட்ட கேளுங்களேன்.”

கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பான். அதற்குப் பதிலாக அவனைக் கவனித்தாள்: கைபேசியை எங்கே வைக்கிறான், சமையலறைப் பக்கம் எத்தனை முறை போகிறான், குனிந்தால் உண்மையிலேயே முட்டி வலிக்கிறதா. ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷனை வேவு பார்ப்பது கூச்சமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. அவன்தான் என்று தெரிந்துவிட்டால் ஒரு சண்டையோடு முடிந்துவிடும்.

புதன்கிழமை சாயங்காலம் குட்டி கூப்பிட்டாள். “அம்மா, இது யாரு?”

சமையலறைக் கதவு நிலையில் குட்டியின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைப்பது கணவனின் பழக்கம். நான்கு மாதத்துக்கு நான்கு கோடுகள். குட்டி காட்டியது அவற்றையல்ல. வெகு கீழே, தரையை ஒட்டினாற்போல, புதிதாக ஒரு கோடு.

“அப்பா போட்டிருப்பார்.”

“நான் போடல” என்றான் கூடத்திலிருந்து. “உன் மகள் வேலையா இருக்கும்.”

“நான் எதுக்குப் போடறேன்? நான் இவ்ளோ பெரிய ஆளாச்சே!” என்று குட்டி எக்கி நின்று காட்டினாள்.

அவள் மண்டியிட்டு, தரையில் சுண்டுவிரலை ஊன்றிக் கையை விரித்தாள். கட்டைவிரல் நுனி கோட்டின்மேல் சரியாகப் போய் நின்றது. ஒரு சாண்.

வியாழக்கிழமை பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. கணவன் வேலையிலிருந்து வர இன்னும் நேரமிருந்தது. கூடத்தின் ஜன்னலோரம் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். குட்டி கொஞ்சம் தள்ளித் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இயந்திரத்தின் கடகடப்பு, மழையின் ஓசை, குட்டி தனக்குத்தானே முணுமுணுக்கும் பாட்டு. இவற்றுக்கு நடுவே அந்த வாசனை மெல்ல எழுந்தது. வெட்டிய புல்.

வெட்டி ஐந்து நாளாகிறது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது.

அப்போதுதான் பார்த்தாள். தரையில் பொடிப்பொடியாகப் புல் துணுக்குகள், ஈரமாக. சமையலறை வாசலில் தொடங்கி, சுவரோரமாகவே வந்து, சோபாவின் அடியில் புகுந்து, இந்தப் பக்கமாக வெளியே வந்து.

பிறகு காணவில்லை. எங்கே முடிகிறது என்று தேட அவளுக்குத் துணிவில்லை.

கைபேசி அதிர்ந்தது.

ஒரு குதிகால். இடது குதிகால். காலையில் அவள் வெடிப்பின்மேல் ஒட்டிய பிளாஸ்திரி. அதன் கீழே இயந்திரத்தின் மிதி.

இப்போது மிதித்துக்கொண்டிருக்கும் மிதி.

அவள் குனியவில்லை. கத்தவுமில்லை. இரண்டு கால்களையும் மெல்ல நாற்காலிமேல் தூக்கினாள். மூச்சை இழுத்தாள். ஒரே தாவல். குட்டியை வாரி எடுத்தாள். நான்கு எட்டில் சாப்பாட்டு மேசை. ஏறிவிட்டாள், கைபேசி கையிலேயே.

“அம்மா, என் பென்சில்!”

“இருக்கட்டும்.”

“கீழ உருண்டு போயிடுச்சு.”

“இருக்கட்டும்டி.”

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வாசலில் சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை, உள்தாழ்ப்பாளைப் போட்டது அவளேதான். சற்றுப் பொறுத்துக் கூடத்து ஜன்னலில் கணவனின் முகம் வந்தது, கண்ணாடியில் வழியும் மழைக்குப் பின்னால்.

“ரெண்டு பேரும் மேசைமேல ஏறி உட்கார்ந்து என்ன பண்றீங்க? நனையறேன். இறங்கி வந்து தாழ்ப்பாளைத் திற.”

ஒரு கையில் குடை. மறு கையில் பை. இரண்டு கைகளும் நன்றாகத் தெரிந்தன.

கைபேசி அதிர்ந்தது.

அந்தக் கைகளிலிருந்து அவள் கண்ணை எடுக்க மனமில்லாமல் இருந்தாள். அவன்தான் என்று இருந்திருக்கக் கூடாதா. எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு திரையைப் பார்த்தாள்.

பலகை. மெருகேற்றாத மரப் பலகை, குறுக்கே ஒரு சட்டம், மூலையில் பாதி கிழிந்த கடைச்சீட்டு. மேசையை வாங்கிய அன்று அவள்தான் அதைக் கிழித்தாள், முழுக்க வரவில்லை. மேசையின் அடிப்பாகம். அவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசை.

‘இருவரும் இறங்கி நிற்கவும். உயரம் அளக்க வேண்டும்.’

“ஏய், கேக்குதா? திற!” ஜன்னலைத் தட்டினான் கணவன்.

“நான் போய்த் திறக்கறேன்” என்று குட்டி ஒரு காலை விளிம்பில் தொங்கவிட்டாள். அவள் அந்தக் காலைப் பிடித்து இழுத்துத் தன் மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

கீழே சரக்கென்று ஒரு சத்தம். பென்சில் மரத்தில் இழுபடும் சத்தம். மேசைக் காலில், தரையை ஒட்டி.

பிறகு இன்னொன்று. ஒரு சாண் மேலே.

பிறகு இன்னொன்று.

“அம்மா, இறங்கலாமா?”

குட்டியின் கண்களை உள்ளங்கையால் பொத்தினாள்.

“மாட்டோம்” என்றாள், மெல்ல, கீழே பார்க்காமல்.