அழுகலுக்குச் சொல் இல்லை

குளிரறைக் கதவைத் திறந்ததும் கோமளவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டாள். பெட்டி பெட்டியாகக் கோழி. தோல் பச்சை பூத்து, தொட்டால் சதையை விட்டு விரலோடு வழுக்கி வந்தது. கடலடிக் குடியிருப்பில் ஜன்னலா இருக்கிறது, திறந்துவிட? வெளியே போன நாற்றம் காற்றுக்குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மூக்குக்கே வந்தது.

"மோந்து பாருங்க மேடம், நல்லா மோந்து பாருங்க," என்றார் சமையல்காரர் ஜெபமணி. "இதத்தான் உங்க மொழிவாயில் மேல கரைக்கு 'கோழி இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கு. பிள்ளைங்க எத்தன நாளைக்கு வெறுங்கஞ்சி குடிக்கும்?"

மொழிவாயில் அவள் கட்டியதுதான். அடுப்பு, குளிரறை, மோப்பக்கருவி என்று கீழே ஆளுக்கொரு பாஷை பேசும் இயந்திரங்களை, கரையில் இருக்கும் கிழட்டுத் தலைக்கணினியோடு பேச வைப்பது அதன் வேலை. கிழத்துக்குத் தெரிந்தது இரண்டே சொல்: இருக்கு, இல்லை. இல்லை என்றால்தான் உணவுக்கலம் இறங்கும்.

"மோப்பக்கருவி 'அழுகிப்போச்சு'ன்னுதான அலறுது?" என்றார் ஜெபமணி.

"அந்தச் சொல் மேல கிடையாது அண்ணாச்சி. தெரியாத சொல் எது வந்தாலும் 'இருக்கு'ன்னு மாத்தச் சொல்லிட்டேன். சீக்கிரம் முடிச்சுக் குடுன்னு கழுத்த நெரிச்சாங்க."

"நல்லா முடிச்சீங்க போங்க."

இருவரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் கழிவுக்குழியில் தள்ளினார்கள். கோமளவல்லி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு தன் கையாலேயே 'இல்லை' என்று அனுப்பினாள். மறுநாளே கலம் இறங்கியது. தட்டும் கையுமாகக் குடியிருப்பே கூடி நின்றது. ஜெபமணி மூடியை நெம்பினார்.

அதே நாற்றம். முன்னைவிட இரண்டு பங்கு. முன்வரிசையில் நின்ற குழந்தை ஒன்று அம்மாவின் புடவையிலேயே கக்கியது.

கரைக் கிடங்கிலும் அவள் கட்டிய வாயில்தான். அங்கே அழுகியதும் 'இருக்கு'தான். இங்கே ஒரே நாளில் தீர்ந்துவிட்டதே, ஆசையாகத் தின்கிறார்கள் போலும் என்று தலைக்கணினி இரட்டிப்பாக அனுப்பியிருந்தது.

"இப்ப என்ன போடுவீங்க?" ஜெபமணி மூடியை மறுபடி அழுத்தி மூடினார். "இருக்குன்னா ஒண்ணும் வராது. இல்லன்னா இதான் வரும்."

வாயிலைப் பிரித்துத் திருத்துவது ஒன்றே வழி. ஆனால் பூட்டி முத்திரை வைத்தாயிற்று. திறக்கத் தலைக்கணினி அனுமதிக்க வேண்டும். அதைக் கேட்கவும் வாயில் வழியாகத்தான் போயாக வேண்டும். கோமளவல்லி எழுதினாள்: 'மொழிவாயில் பழுது. இங்கே உயிர் போகிறது. திறக்க அனுமதி தேவை.'

கடல் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்: மொழிவாயில், இருக்கு. உயிர், இருக்கு. அனுமதி, இருக்கு.

எல்லாம் இருக்கிற இடத்துக்கு எதற்குப் பதில் என்று தலைக்கணினி அடுத்த ஊரைப் பார்க்கப் போனது.