வந்தாச்சு

பெரட்டு அடிக்கிற நேரமா இது? மாதவிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, மூடுபனி ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து நிற்கிறது; அதற்குள் எங்கோ தண்டவாளத் துண்டை இரும்பால் அடிக்கும் சத்தம். மலேசியாவில் லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிவதற்கு முன் அந்தச் சத்தம் கேட்டால் லயத்து வரிசை வீடுகளின் ஆட்களெல்லாம் ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டும். வேலை வாங்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார். "வந்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதுதான் பெரட்டு. மத்தியானத்தில் யாரும் அடிப்பதில்லை.

கோத்தகிரியைத் தாண்டி, கடைத்தெரு ஒரு மூச்சில் முடிந்துவிடும் சின்ன மலையூர் அது. போர்ட்டிக்சன் கடலோர வெயிலில் லாரி ஓட்டிக் கருத்துப்போன அவள் புருஷன் புனிதன், அவளோடு கொஞ்ச நாள் குளிரில் கிடக்க வேண்டும் என்று அடம்பிடித்துத் தேயிலைச் சரிவிலிருந்த பழைய பங்களாவில் அறை எடுத்திருந்தான்.

"ரொட்டி வாங்கிட்டு வந்துர்றேன்லா. நீ தேத்தண்ணி கலக்கி வைலா," என்று இப்போதுதான் கிளம்பிப் போனான். 'லா' போடாமல் அவனுக்கு ஒரு வாக்கியமும் முடியாது. இந்த ஊர்க் கடைக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

அவள் வாசலுக்கு வந்தாள். ஈரத் தேயிலையின் பச்சை வாடை, அதற்கு அடியில் புதிதாக வெட்டிய மண்ணின் வாடை, ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர். சத்தம் நின்றது. சரிவின் கீழிருந்து ஒரு குரல் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தது. ஒவ்வொரு பெயருக்கும் பனிக்குள்ளிருந்து மெலிதாக ஒரு "வந்தாச்சு" எழுந்தது.

"புனிதன்."

பதில் இல்லை.

வேறு யாரோ ஒரு புனிதன், என்று நினைத்துக்கொண்டாள்.

"புனிதன்."

அவள் வளர்ந்த தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மூன்றாவது தடவையும் குரல் வராவிட்டால் அன்றைக்கு அந்த ஆளின் பெயரை வெட்டிவிடுவார்கள். அதனால் காய்ச்சலில் கிடப்பவருக்காகவும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவளுக்காகவும் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுத்துவிடுவார். இருட்டில் மண்டோருக்கு முகம் தெரியாது. குரல் வந்தால் ஆள் வந்த மாதிரி. அம்மாவுக்காக எத்தனையோ விடியல்களில் மாதவியே கத்தியிருக்கிறாள்.

"புனிதன்."

"வந்தாச்சு," என்றாள். வாய் முந்திக்கொண்டது.

பனிக்குள் எல்லாம் அடங்கிப்போனது. ஓட்டுத் தண்ணீர்கூடச் சொட்டவில்லை.

புனிதன் இருட்டும்போது திரும்பி வந்தான். ரொட்டி இல்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, நகக்கண்ணில் சிவப்பு மண். "எங்கங்க போனீங்க?" என்று கேட்டாள்.

"வேலைக்கு," என்றான்.

அவ்வளவுதான். அவள் 'லா'வுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

மறுநாள் காலை காப்பி கொண்டுவந்த காவல்காரர் நல்லசாமியிடம், பக்கத்தில் எங்கே பெரட்டுப் போடுகிறார்கள் என்று கேட்டாள்.

"பெரட்டா? தோட்டத்துல வேலை நின்னு எத்தனையோ வருசமாச்சுங்கம்மா. ஒரு விடியக்காலம் பெரட்டுல நின்னவங்க மேலயே மலை சரிஞ்சிருச்சுங்க. ஒருத்தரையும் எடுக்க முடியலீங்க." பிறகு மெதுவாகக் கேட்டார்: "யாரு பேரைக் கூப்பிட்டாங்க?"

மாதவி உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த புனிதனைத் திரும்பிப் பார்த்தாள். நல்லசாமி காப்பியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனார். அவர்கள் கிளம்பும்வரை அந்த அறைப் பக்கம் வரவே இல்லை.

வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். விமானத்தில் அவன் கையைப் பிடித்தபடி இதையே மந்திரமாகச் சொல்லிக்கொண்டாள். கை சூடாகவே இல்லை. லுக்குட்டில் அந்த ரப்பர் தோட்டம் செம்பனையாகிவிட்டது, லயம் இடிந்துவிட்டது, தண்டவாளத் துண்டை என்றைக்கோ பழைய இரும்புக்காரன் தூக்கிப்போய்விட்டான். தாமான் குடியிருப்பில் அவர்கள் வீட்டுக்கு எதிரே இப்போது செம்பனை மட்டும்தான். கடலோரத்து வெக்கையில் பனி ஏது? அவளுக்குத் தன் பழைய புருஷன் வேண்டும். ஒரே ஒரு 'லா' போதும்.

அவன் சாப்பிட்டான், குளித்தான், கூப்பிட்டால் திரும்பினான். துவைக்கத் துவைக்கத் தலையணை உறையில் சிவப்பு மண் வந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒரு விடியற்காலை, பொழுது வெளுக்கும் முன், டங் என்றது.

பக்கத்தில் படுக்கை ஈரமாகக் கிடந்தது. ஆள் இல்லை. முன்கதவு திறந்திருந்தது. மாதவி கேட் வரை ஓடினாள். தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம், செம்பனை மரங்களுக்கிடையே பனி. தேயிலை வாடை. வெட்டிய மண்ணின் வாடை.

பனிக்குள் வரிசை நின்றது. தலைகள் மட்டும் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

"புனிதன்."

"வந்தாச்சு." அவன் குரல்தான்.

நான்தானே குரல் கொடுத்தேன், என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. என் வாயால் நான்தானே கொடுத்தேன்.

"மாதவி."

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாதவி."

பல்லைக் கடித்தாள். உதட்டில் ரத்தம் கரித்தது. குரல் போகக் கூடாது. மூச்சுகூடப் போகக் கூடாது. இன்னும் ஒரே தடவை. அப்புறம் பெயரை வெட்டிவிடுவார்கள்.

"மாதவி."

அவள் வாய் திறக்கவில்லை.

வரிசைக்குள்ளிருந்து, அவள் இத்தனை நாளாகக் காத்திருந்த அதே பழைய குரல், அதே பிரியத்தோடு, அவளுக்காகச் சொன்னது:

"வந்தாச்சுலா."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அவன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டது.

அவள் காலடியில் இருந்த சிமெண்டுத் தரை மெத்தென்று ஈர மண்ணாக இருந்தது.