கோடு இல்லாத அணில்

'வாலைப் பார்த்துவிட்டார். இனி முதுகைப் பார்ப்பார். சிரிக்காமல் இருக்க வேண்டுமே!'

செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்திருந்த சங்கரலிங்கம் மாமா, அணில் தைத்த நைட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ராஜபாளையத்தில் நைட்டிக் கடை வைத்திருப்பவர். அவர் கொடுக்கும் பூ டிசைன்களைத்தான் அம்மா ஜெயசித்ரா இத்தனை வருடமும் எம்பிராய்டரி மெஷினில் போட்டுக் கொடுத்தாள். இது அம்மாவே யோசித்துச் செய்த முதல் டிசைன். மாமா வேண்டாம் என்றால் மறுபடியும் அதே ரோஜாப்பூதான்.

"ஏம்மா சித்ரா, அணிலுக்குக் கோட்டைக் காணோமே? நூல் தீந்துபோச்சா?"

"இது நரை அணில் அண்ணாச்சி. செண்பகத்தோப்புல இருக்கு. இதுக்குக் கோடு கிடையாது."

"பாக்கக் கீரிப்பிள்ளை மாதிரில்லா இருக்கு!"

செல்வியின் முகம் சுருங்கியது.

அப்பாவுக்கு, செண்பகத்தோப்பு இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் வாட்சர் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் போய், கழுத்து வலிக்க வலிக்க மரங்களை அண்ணாந்து பார்த்தார்கள். பூனை அளவு அணில் ஒன்று கிளைவிட்டுக் கிளை தாவியது. அம்மா இமைக்கவே இல்லை.

வீடு திரும்பியதும் சாம்பல் நூலில் போட்டுப் பார்த்தாள். எலி வந்தது. பழுப்பு நூலில் போட்டாள். குரங்கு வந்தது.

"அம்மா, அப்பா தாடியைப் பாரேன்!" என்றாள் செல்வி.

அப்பாவின் தாடியில் கறுப்பும் வெள்ளையும் கலந்து கிடந்தன. அம்மா சிரித்துக்கொண்டே பழுப்பு நூலையும் வெள்ளை நூலையும் ஒரே ஊசியில் கோத்தாள். அணில் வந்துவிட்டது!

இப்போது மாமா மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்தார். "மூணு கோடு போட்டுத் தாரேன். அதுமேல தச்சிரு. அம்பது பீஸ் எடுத்துக்கிடுதேன்."

அம்மாவின் விரல் அணிலின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

"மாமா, உங்க கடையில கோடு போட்ட அணில் இருக்கா?" செல்வி கேட்டாள்.

"எம்புட்டோ இருக்கு. எல்லாக் கடையிலயும் இருக்கு."

"கோடு இல்லாதது?"

மாமா தலையைச் சொறிந்தார். "அது சரி. ஆனா கோடு எங்கேன்னு கேக்கறவங்களுக்கு யாரு பதில் சொல்லுவா?"

செல்வி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். அதை நைட்டியில் குண்டூசியால் குத்தினாள்.

'நான் செண்பகத்தோப்பு நரை அணில். எனக்குக் கோடு கிடையாது. கீரிப்பிள்ளை என்று கூப்பிடாதீர்கள்.'

"அணிலே சொல்லிரும் மாமா. அம்பதுக்கும் நானே எழுதித் தாரேன்."

மாமா இரண்டு முறை படித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏட்டி, நீ நம்ம கடைக்கு வேலைக்கு வந்திரு! சரி சித்ரா, அம்பது போடு."

அம்மா சட்டென்று திரும்பி, மெஷினடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிய மாமா மறுபடி எட்டிப் பார்த்தார். சாக்பீஸ் இன்னும் அவர் கையில் இருந்தது.

"இருந்தாலும் பாப்பா... சின்னதா, ஒரே ஒரு கோடு?"

செல்வி சாக்பீஸை வாங்கி மேசையில் வைத்தாள்.

"வேண்டாம் மாமா" என்றாள், மெதுவாக.