போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் பிடுங்குங்க

“பொழைச்சுக்குமா டாக்டர்?”

கேட்டவனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. உச்சி முதல் பாதம் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். ஆனால் சட்டைக்குள்ளிருந்து அவன் எடுத்து வைத்த கறுப்பு டிரைவ் மட்டும்... மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் ஒரு துளி ஈரம் படாமல் சுகமாக இருந்தது.

‘கம்ப்யூட்டர் மருத்துவமனை’ என்று அப்பா எந்தக் காலத்திலோ பலகை எழுதி மாட்டிய கடை அது. அதனால் தெருவே அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். அதற்காக, இப்படிக் கண் கலங்க வந்து நிற்பார்களா ஒருத்தர்!

“முதல்ல தலையைத் துவட்டுங்க. நோயாளியை நான் பார்த்துக்குவேன். கூட வந்தவருக்கு ஜன்னி கண்டா எனக்கு வைத்தியம் தெரியாது.”

கைக்கு அகப்பட்ட துணியை நீட்டினாள். அது கீபோர்டு துடைக்கிற துணி என்பது அவன் துவட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவன் நெற்றியில் கன்னங்கரேலென்று ஒரு கோடு! சொல்லலாமா... வேண்டாம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

“சொல்லுங்க, என்ன பண்ணுது?”

“லைட் எரியுது. ஆனா கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்குது. ரெண்டு கடையில கேட்டுட்டேன். ஒருத்தர் பார்க்காமலே செத்துப் போச்சுன்னார். இன்னொருத்தர் பார்த்துட்டுச் செத்துப் போச்சுன்னார்.”

“உள்ள என்ன இருக்கு?”

“மூணாம் வகுப்பு.”

“என்னது?”

“மூணாம் வகுப்புப் பாடப் புத்தகம். நான் ஓவியன். நூத்திப்பத்துப் படம், ஒன்றரை வருஷ வேலை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதிப்பகத்துல இருக்கணும். தவறினா வேற ஆளுக்குப் போயிடும்... இதுதான் என்னோட முதல் புத்தகம்.”

கடைசி வார்த்தையில் அவன் குரல் இறங்கிவிட்டது. இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. ‘ஏய், டிரைவைப் பாருடி!’ என்று தன்னையே அதட்டிக்கொண்டு அவள் வேலையில் இறங்கினாள்.

இந்த ஓட்டையில் சொருகினாள். ஒன்றுமில்லை. அடுத்ததில்... ஊஹூம். பக்கத்துக் கம்ப்யூட்டரில் சொருகினாள். லைட் மட்டும் ஜம்மென்று எரிந்தது, திரையில் ஒரு அசைவும் இல்லை. அவள் கண் டிரைவிலிருந்து மெல்லக் கேபிளுக்கு நகர்ந்தது.

“சார்... இந்தக் கேபிள் டிரைவோட வந்ததா?”

“அது தொலைஞ்சு போச்சு. இது என் மேசை விளக்கோடது. கச்சிதமாப் பொருந்துச்சே!”

அவள் மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு கேபிளை எடுத்து மாட்டினாள். டிங்! திரையில் மூணாம் வகுப்பு வந்து நின்றது.

“இது வெறும் சார்ஜ் போடற கேபிள். கரண்ட் போகும், பேச்சு போகாது. அதான் லைட் மட்டும் எரிஞ்சிருக்கு. உங்க டிரைவுக்கு ஒரு குறையும் இல்ல.”

கேபிளை மாற்றிவிட்டுப் பெரிய அறுவை சிகிச்சை செய்ததுபோல் பேசுகிற கடைக்காரர்கள் உண்டு. அவளுக்கு அது ஆகாது. ‘இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு’ என்பது அப்பாவின் சட்டம். வாடிக்கையாளரின் படங்களை நோண்டிப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். பதினோரு வருஷமாக இரண்டையும் அவள் மீறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவனுக்கோ தலைகால் புரியவில்லை. பாய்ந்து வந்து டிரைவை உருவப் போனான்.

“ஐயையோ!” சட்டென்று அவன் கையைப் பிடித்துவிட்டாள். அடுத்த நொடி விட்டுவிட்டாள். காது மடல் சுட்டது. “சொல்லாம கொள்ளாம இப்படியா பிடுங்குவீங்க?”

“யார்கிட்ட சொல்லணும்?”

“கம்ப்யூட்டர்கிட்ட. அது உள்ள ஏதாவது எழுதிக்கிட்டிருக்கும். இதோ, இங்க அமுக்கிப் போயிட்டு வரேன்னு சொல்லணும். அது சரின்னு சொன்னப்புறம்தான் எடுக்கணும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லிட்டுத்தானே கிளம்புவீங்க?”

“நான் தனி ஆள். சொல்றதுக்கு யாரும் இல்ல.”

சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் என்னவோபோல் ஆகிவிட்டது.

“அப்புறம்... என்னைக்காவது இது, ‘எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் பண்ணட்டுமா’ன்னு கேட்கும். உயிரே போனாலும் சரின்னு சொல்லாதீங்க. நேரா இங்க வாங்க.”

“கேட்கலைன்னாலும் வரலாமா?”

அவள் காதில் விழாத மாதிரி கேபிளைச் சுருட்டினாள். சுருட்டின கேபிளையே மறுபடி பிரித்துச் சுருட்டினாள். வாசலில் நின்று அவன், “போயிட்டு வரேன் டாக்டர்” என்றான்.

சொன்ன சொல் தவறாமல் அடுத்த புதன்கிழமை வந்தான். அதே டிரைவ். சரியான கேபிள்.

“மறுபடியும் கண்ணுலயே காட்ட மாட்டேங்குது...”

சொருகினாள். ஒரே நொடி. மூணாம் வகுப்பு பளிச்சென்று வந்து நின்றது. நல்லவேளை, ஸ்பீக்கர் அணைந்திருந்தது, திரையும் அவள் பக்கம்தான். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் மேலே சுழல்கிற மின்விசிறியை என்னவோ அப்போதுதான் கண்டுபிடித்தவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான். அடப் பொய்யா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயா?

‘நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு.

“கொஞ்சம் சிக்கல்தான்... நாளைக்கு வாங்க.”

அவன் போனதும் தலையில் அடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் முதல் பொய்! அதுவும் வெள்ளிக்கிழமை கெடு என்று தெரிந்தே... ஒரு நாள்தானே, நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று மனசைத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் வந்தான். “இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றாள், வெட்கமே இல்லாமல். அவனும், “பரவாயில்ல, பொறுமையாப் பாருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். யானையின் முன்னங்காலில் எத்தனை நகம் என்று தெரியாமல் ஒரு வாரம் அலைந்த கதையைச் சொன்னான். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

“நாளைக்குக் காலையில கண்டிப்பாக் குடுத்துடறேன்.”

“சரி. போயிட்டு வரேன்.”

வெள்ளிக்கிழமை காலையில் விதி அப்பாவின் உருவத்தில் வந்தது. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் வீட்டிலிருந்த மனிதர், கறுப்புக் கண்ணாடியோடு கடைக்கு வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் தடுப்பதற்குள் டிரைவைச் சொருகி, வழக்கமான சோதனையையும் ஓடவிட்டார். அந்த நேரம் பார்த்து அவனும் உள்ளே நுழைந்தான்.

“தம்பி, இது உங்களுதா? இதுல என்ன கோளாறு? சொருகின உடனே திறக்குதே!” மகள் பக்கம் திரும்பினார். “ஏம்மாடி, உனக்கு ஒரு நொடியில தெரிஞ்சிருக்குமே. மூணு நாளா இது இங்க என்ன பண்ணுது?”

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இரண்டு பேரும் விழித்தார்கள். முதலில் வாய் திறந்தவன் அவன்தான்.

“அப்ப... உங்களுக்கு முதல் நாளே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் என்னை உட்கார வச்சு வேடிக்கை பார்த்தீங்களா?”

அவன் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம் அவள். ரோஷம் முந்திக்கொண்டது.

“பொய்யைத் தூக்கிக்கிட்டு வந்தது யாரு சார்?”

“நான் சொன்னது பொய்தான். ஆனா எனக்கு இன்னைக்குக் கெடுன்னு உங்களுக்குத் தெரியும். பொழுது போகலைன்னு ஒரு ஆளை இப்படியா...” சோதனை ஓடிக்கொண்டிருந்த டிரைவை வெடுக்கென்று பிடுங்கினான். “போறேன்.”

போயிட்டு வரேன் இல்லை. போறேன்.

அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

“அந்தத் தம்பி போறேன்னுட்டுப் போகுது” என்றார் அப்பா.

“காதுல விழுந்துச்சுப்பா.”

“பொய்தான் சொன்ன, அதையாவது ஒழுங்காச் சொல்லத் தெரியுதா உனக்கு? டிரைவை எடுத்து ஒளிச்சு வைக்கிறதில்லையா...” என்று முணுமுணுத்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. ஒரு மணிக்கு... வாசலில் அவன்! மறுபடி சொட்டச் சொட்ட. கையில் மூன்று பைகளுக்குள் டிரைவ். படியேறாமல் வெளியிலேயே நின்றான்.

“புலி வருது புலி வருதுன்னு சொன்னேன்... நெசமாவே வந்துடுச்சு. அழிச்சுப் புதுசாப் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. வேண்டாம்னுட்டேன். நேரா இங்க வாங்கன்னு சொல்லியிருந்தீங்க...”

“உள்ள வாங்க முதல்ல. வேற காப்பி இருக்கா?”

“இல்ல.”

“இல்லையா! ஒன்றரை வருஷ வேலையை ஒரே டிரைவுல வச்சுக்கிட்டா என்னைப் பார்க்க மூணு நாள் வந்தீங்க? உங்களுக்கு அறிவு இருக்கா?”

திட்டிய பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அவன் தலை குனிந்தபடியே லேசாகச் சிரித்தான். அப்பா சத்தமில்லாமல் நாற்காலியைக் காலி செய்தார்.

உட்கார்ந்தாள். பாதியில் பிடுங்கியதில் எந்தப் படம் எங்கே என்கிற கணக்கு உள்ளே குழம்பிக் கிடந்தது. சரிபார்க்கிற வேலையைத் தொடங்கினாள். திரையில் எண் நகர்ந்தது. பத்து... இருபது... ரெண்டு மணி. முப்பத்தொன்றில் போய் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. இவருடைய முதல் புத்தகம் என் பொய்யால் போகக் கூடாது... வாய்க்குள்ளேயே எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். முப்பத்திரண்டு! அவன் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

மூணே முக்காலுக்கு மூணாம் வகுப்பு திரும்பி வந்தது.

“ஒண்ணொண்ணா நீங்களே திறந்து பாருங்க.”

“எனக்குப் பயமா இருக்கு. நீங்க திறங்க. ஆனா... கடைசிப் படம் மட்டும் வேண்டாம்.”

வேண்டாம் என்றால் விடுவாளா? மற்றதெல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கடைசியில் அதையும் திறந்தாள்.

‘நமக்கு உதவுவோர்’ என்பது பாடம். தபால்காரர், செவிலியர், பேருந்து ஓட்டுநர்... நடுவில் ஒரு கடை. கொண்டையில் பென்சில் சொருகிய ஒருத்தி, ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, விரலை ஆட்டி எதிரே நிற்பவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். எதிரே, தொப்பலாக நனைந்து, நெற்றியில் கறுப்புக் கோட்டோடு ஒருவன். அவள் வாயருகே எழுதியிருந்தது: ‘போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் பிடுங்குங்க!’

கை தானாகக் கொண்டைக்குப் போனது. பென்சில் இருந்தது.

“எப்ப வரைஞ்சீங்க?”

“முதல் நாளே. படத்துல அந்தக் கடையில முன்னால ஒரு மீசைக்காரர் இருந்தார். அவரை எடுத்துட்டேன்.” தயங்கினான். “உங்களைப் பார்க்கணும்னுதான் பொய் சொன்னேன். நீங்க கேலி பண்றீங்கன்னு நினைச்சதும்... தாங்கல.”

“கேலி இல்ல.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. “கொடுத்துட்டா மறுநாள் வர மாட்டீங்களேன்னு... அதான் சொன்னேன்.”

“அந்த மூக்கு நம்ம வீட்டு மூக்கு” என்றார் பின்னாலிருந்து அப்பா, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி. “டாக்டர் வச்ச கண்ணு நல்லாத்தான் தெரியுது. தம்பி, மணி நாலே கால்!”

அவசர அவசரமாகப் படங்களைத் தன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டாள். பிறகு அமுக்கினாள். ‘இப்போது எடுக்கலாம்’ என்றது திரை. பூப்போல் உருவி, மூன்று பைகளில் போட்டு அவன் கையில் வைத்தாள். அவன் வாசல்வரை போய், திரும்பினான்.

“போயிட்டு வரேன்.”

“ம்.”

“இல்ல... கிளம்பும்போது சொல்றதுக்கு எனக்கு யாரும் இல்லைன்னு அன்னைக்குச் சொன்னேனே. இனிமே தினமும் சொல்லணும்போல இருக்கு. கேட்டுக்கிறதுக்கு... நீங்க இருக்கீங்களா?”

மழை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாத தூசியை மும்முரமாகத் துடைத்தார்.

“இருந்தா இருக்குன்னு சொல்றதுதான் எங்க கடை வழக்கம்” என்றாள். கண்ணில் நீர் முட்டியது, உதட்டில் சிரிப்பு நிற்கவில்லை. “இருக்கேன். சீக்கிரம் போயிட்டு வாங்க.”

ஐந்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது கடை ஃபோன் அடித்தது.

“குடுத்துட்டேன் டாக்டர்! வாங்கிக்கிட்டாங்க! இதோ, வந்துக்கிட்டே இருக்கேன்... குடை இல்ல.”

அவள் எழுந்துபோய், கீபோர்டு துடைக்கிற துணியை ஒளித்து வைத்துவிட்டு, நல்ல துண்டாக ஒன்றைத் தேட ஆரம்பித்தாள்.